தை மாதத்துச் சாலை: வேன் வீட்டில் கானாடுகாத்தான் வரை

தை மாதத்தில் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஆறேகால் வாக்கில் பொழுது சாயும். ஏழு மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. பெரிய வீடுகள் நிற்கும் தெருக்களில் பாதி வீட்டில் விளக்கு எரியாது. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அந்த நேரத்தில் இருபதடிக்கு மேல் நீளமுள்ள வண்டியோடு ஊருக்குள் நுழைந்து, எங்கே நிறுத்துவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, யாரைக் கேட்பது என்று தேடுவதைப்போல் மனம் சோர்ந்துபோகும் வேலை வேறு இல்லை. என் முதல் பயணத்தில் எனக்கு அதுதான் நடந்தது. எட்டு மணிக்கு வந்து சேர்ந்து, கண்ணில் பட்ட அகலமான வாசல் ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்தோம். விடிகாலை நாலரைக்குக் கண்ணாடியில் தட்டும் சத்தம். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றார். “தம்பி, வண்டிய கொஞ்சம் முன்னால தள்ளிக்கிருங்க. வாசல் தெளிச்சுக் கோலம் போடணும்.” கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

அதனால் திட்டத்தை இப்படித் தொடங்குங்கள். பார்க்கப்போகும் ஊர்களின் பட்டியலை எழுதுவதற்கு முன், ஒரு தாளில் நாள்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்கு வண்டி எங்கே நிற்கும் என்று எதிரே குறியுங்கள். நிறுத்த யார் அனுமதி தருவார், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்ற மூன்றுக்கும் பதில் எழுத முடிந்தால்தான் அது தங்கும் இடம். முடியாவிட்டால் அந்த இரவுக்கு விடுதியில் அறை போட்டுவிடுங்கள். பகலில் என்ன பார்ப்பது என்பதை அதன் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் வேன் வீட்டோடு தெற்கே இறங்குகிறவர்களும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளமானோர் டிசம்பர், ஜனவரியில் பிரான்ஸை மேலிருந்து கீழாகக் கடந்து ஸ்பெயின் கடற்கரைக்குப் போய் வெயில் காய்கிறார்கள். பிரான்ஸில் ஊராட்சிகளே இத்தகைய வண்டிகளுக்கென்று “ஏர்” என்னும் நிறுத்தங்களைக் கட்டி, தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் வசதி செய்திருக்கின்றன. குளிர்காலத்தில் பல இடங்களில் குழாய் உறைந்துவிடும் என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள் என்பதால், எது திறந்திருக்கும் என்று பார்த்துத்தான் அன்றன்றைக்குப் போக வேண்டிய தூரத்தைத் தீர்மானிப்பார்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பகுதிச் சாலைகளில் பனிக்கால டயரோ சங்கிலியோ இருக்க வேண்டும் என்பது 2021 முதல் அங்கே சட்டம். பிரெஞ்சு எரிவாயு உருளையை ஸ்பெயினில் கொடுத்து மாற்றிக்கொள்ள முடியாது. பியூட்டேன் உருளையாக இருந்தால் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் அடுப்பே சரியாக எரியாது. ஸ்பெயினில் ஒரு நுணுக்கம் உண்டு. நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. வண்டிக்குள் தூங்கினால் நிறுத்தம். வெளியே நாற்காலியும் பந்தலும் போட்டுவிட்டால் முகாம், அதற்குத் தண்டம். இந்த நுணுக்கத்தை மனத்தில் வையுங்கள். செட்டிநாட்டில் இதற்குச் சட்டம் கிடையாது, ஆனால் ஊர் வழக்கம் உண்டு.

நம் பக்கம் அப்படிப்பட்ட நிறுத்தங்கள் இன்னும் வரவில்லை. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்து, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் தொடங்கியது. தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கிறது. சாலையில் அது கண்ணுக்குத் தெரிய நாளாகும். அதுவரை நமக்கு உதவப்போவது சத்திரமும் விடுதியும் கோயில் பொட்டலும்தான். அவை இந்த மண்ணில் நிறைய உண்டு.

எப்போது கிளம்புவது

ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை சிவகங்கைச் சீமையில் கண்மாய்களை நிரப்பும் காலம் அது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை வரை மரங்களைச் சாய்த்துப் போட்டதை இந்தச் சாலையில் போகிற எல்லோரும் இன்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து ரயில்வே சுரங்கப்பாதை. லெவல் கிராசிங்குகளை எடுத்துவிட்டுப் பல ஊர்களில் தண்டவாளத்துக்கு அடியில் பாதை வெட்டியிருக்கிறார்கள். ஒரு இரவு மழைக்கே அதில் ஆளுயரத் தண்ணீர் நிற்கும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்துத் துடையூரில் அப்படித் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி ஒருவர் இறந்தே போனார். மார்கழியில் போனாலும், முதல் நாள் மழை பெய்திருந்தால் ஊர்க்காரரைக் கேட்காமல் சுரங்கப்பாதையில் இறங்காதீர்கள். வண்டியின் கூரையில் ஏசிப் பெட்டியோ தண்ணீர்த் தொட்டியோ வைத்திருந்தால் மழை இல்லாத நாளிலும் அந்தப் பாதையின் உயரத்தைப் பார்க்காமல் நுழையக் கூடாது.

மார்கழி பிற்பகுதியும் தை மாதமும்தான் காலம். பகலில் வெயில் உறைக்காது. இரவில் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டி இறங்கும். ஏசி தேவைப்படாது என்பதே வேன் வீட்டுக்காரருக்குப் பெரிய வரம். பேட்டரிக் கவலை பாதி தீர்ந்துவிடும். ஆனால் இந்தக் காலம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. தேதியைப் பொறுத்து ஊரே வேறாகிவிடும்.

திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்துச் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வரும். மாவில் திரியிட்டு ஏற்றிய இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது அவர்கள் மரபு. அது வீட்டுக்குள் நடக்கும் நோன்பு. அழைப்பு இல்லாமல் எட்டிப் பார்க்கக் கூடாது. பொங்கலுக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் சென்னையை விட்டுக் கிளம்பாதீர்கள். பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு தாண்டும் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் காட்சியைப் பார்க்க எவ்வளவு தூரமும் வரலாம். தை மூன்றாம் நாள் சிராவயலில் மஞ்சுவிரட்டு. அன்று திருப்பத்தூர்ச் சாலைப் பக்கம் பெரிய வண்டியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. அப்புறம் தைப்பூசம். 2024இல் அது ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. ஒவ்வோர் ஆண்டும் நகரும் என்பதால் காலண்டரைப் பார்த்துவிட்டே தேதி குறிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாள் இந்தச் சாலைகள் காரோட்டிகளுக்குச் சொந்தமானவை அல்ல. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை, மார்கழி கடைசிப் பத்து நாள். வைகுண்ட ஏகாதசி தேதியை மட்டும் பார்த்து, அன்று திருச்சியில் தங்காமல் இருந்தால் போதும்.

வண்டி

கேரவன் என்றால் நம்மில் பலருக்கு நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். கானாடுகாத்தான்காரர்களுக்கும் அப்படித்தான், அந்த வீடுகளில் படப்பிடிப்பு நடக்காத மாதம் குறைவு. படுக்கையும் ஜன்னல் திரையுமாக ஒரு வேன் வந்து நின்றால் “என்ன படம்?” என்று பிள்ளைகள் ஓடிவந்து கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள்தான் பிறகு தண்ணீர்க் குழாய்க்கு வழிகாட்டுவார்கள்.

சொந்த வேனின் இருக்கையைக் கழற்றிப் படுக்கை போடுகிறவர்கள் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதிவுச் சான்றிதழில் இல்லாத மாற்றத்தை வண்டியில் செய்வதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதி இல்லாமல் செய்துவிட்டு விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் தகராறு வரும். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது. நாம் பேசும் வேன்கள் எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கும்.

வாடகை வேன் எடுத்தால், வாடகையைவிட முதலில் பேச வேண்டியது ஓட்டுநர் எங்கே தூங்குவார் என்பதை. நாம் உள்ளே மெத்தையில் படுத்துக்கொண்டு அவரை ஸ்டியரிங்கின் மேல் தலைசாய்க்க விடுகிறோம். மறுநாள் காலை நம் பிள்ளைகளின் உயிரை அவர் கையில்தான் கொடுக்கப்போகிறோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்றது. சுற்றுலா வேனில் அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, நீங்கள் எண்ணுங்கள். பேட்டாவைத் தவிர, ஒவ்வோர் இரவும் அவருக்கு ஒரு கட்டிலும் குளிக்கத் தண்ணீரும் கிடைக்கிற இடமாகப் பார்த்து, அதற்கான பணத்தைத் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். நான் பார்த்தவரை, ஓட்டுநர் நன்றாகத் தூங்கிய பயணங்களில்தான் திரும்பி வரும்போது எல்லோரும் சிரித்த முகமாக இருந்திருக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. நான்கு பேருக்கு, குளியலை வெளியே வைத்துக்கொண்டால், நூறு லிட்டர் இரண்டு நாள் வரும். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. அதைக் கூரையில் ஏற்றாமல், இரண்டு அச்சுக்கும் நடுவில் தரையோடு வையுங்கள். குடிக்கும் தண்ணீருக்குத் தனிக் கேன்.

சமையலில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். மூடிய வண்டிக்குள் எரிவாயு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில், லக்னோவிலிருந்து வந்து நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் விடியற்காலையில் அனுமதியில்லாத சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். கோயில் பார்க்க வந்த குடும்பங்கள். பெட்டிக்குள் ஒரு வாய்த் தேநீர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். ஐந்து கிலோ சிலிண்டர் கொண்டுபோனால் அதற்கென்று வெளிப்பக்கம் திறக்கும் பெட்டி இருக்க வேண்டும்; அடுப்பை இறக்கி வெளியே வைத்தே சமைக்க வேண்டும்; ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும்.

ஐரோப்பியருக்குத் தண்ணீர் உறைவது பிரச்சினை. நமக்கு மார்கழிப் பனி. நான்கு பேர் மூச்சுவிடும் மூடிய வண்டியில் விடியும்போது கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டும், தலையணை ஈரமாகும், பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும். கொசுவலை அடித்த இரண்டு ஜன்னல்களை எதிரெதிரே இரண்டு விரற்கடை திறந்து வைத்தால் தீர்ந்தது.

சாலை

சென்னையிலிருந்து கானாடுகாத்தான் சுமார் 420 கிலோமீட்டர். காரில் ஒரே நாளில் போகிறார்கள். வேன் வீட்டில் போகாதீர்கள். விடிகாலை கிளம்பி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாக மதியத்துக்குத் திருச்சி சேர்ந்து, அங்கேயே முதல் இரவு. ஸ்ரீரங்கத்தில் அறநிலையத்துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. பெரிய வண்டிகள் நிற்க இடமுள்ள வளாகம். முன்பதிவு செய்துகொண்டு போனால் ஓட்டுநருக்கும் சேர்த்து அறை கிடைக்கும். ஃபாஸ்டேக்கில் போக வரப் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள்.

இரண்டாம் நாள் ஓட்டம் தொண்ணூறு கிலோமீட்டர்தான். அதனால் வழியில் நிதானமாக இறங்கலாம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் நார்த்தாமலை, புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல். இரண்டையும் ஒரே நாளில் அடைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் இருந்தால் சித்தன்னவாசல். சமணக் குகையின் தாமரைக்குள ஓவியத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு, பாறைமேல் ஏறி இறங்கினால் பசி நன்றாக எடுக்கும். அங்கிருந்து திருமயம். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டையும், அதே பாறையைக் குடைந்து அடுத்தடுத்து நிற்கும் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும். கோயில் நடை நண்பகலில் சாத்தி மாலையில்தான் திறக்கும் என்பதால் கோட்டையை மதியமும் கோயிலைத் திரும்பும்போதும் வைத்துக்கொள்ளுங்கள். திருமயத்தை மூன்றரைக்கு விட்டால் வெளிச்சம் இருக்கும்போதே கானாடுகாத்தான்.

ஊருக்குள் நிற்கும் முறை

செட்டிநாட்டு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீண்டு, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். எனவே ஆளில்லாததுபோல் தெரியும் நீளமான சுவரும் ஒரு வீட்டின் வாசல் பக்கம்தான். முன்தெருவில் கோலம் போடுவார்கள். பின்தெருவில் பால்காரரும் விறகு வண்டியும் வருவார்கள். இரண்டிலும் இரவு நிறுத்தம் வேண்டாம். விடியுமுன்பே கோலம் தொடங்கிவிடும் என்பதை நான் கற்ற விதத்தைத்தான் சொன்னேனே.

நான்கரை, ஐந்துக்குள் வந்து, பேரூராட்சி அலுவலகத்திலோ கோயில் பக்கத்துக் கடையிலோ கேளுங்கள். “அண்ணே, குடும்பத்தோட வந்திருக்கோம், ராத்திரி வண்டி எங்க நின்னா யாருக்கும் இடைஞ்சல் இல்ல?” என்று கேட்டால் இடம் காட்டாதவர் இல்லை. ஊரில் பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஓர் அறை எடுத்துக்கொண்டு, வண்டியை அவர்கள் வளாகத்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே பேசிவிடுவதுதான் ஆகச் சிறந்த ஏற்பாடு. வயதானவர்கள் அறையில், மற்றவர்கள் வண்டியில். கழிப்பறையும் குளியலும் கிடைத்துவிடும். ஓட்டுநருக்கு இடம் இருக்கிறதா என்றும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

கழிவுநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஊர்களைத் திட்டமிட்டுக் கட்டியவர்கள் மழைநீரைத்தான் முதலில் நினைத்திருக்கிறார்கள். கூரை ஓட்டில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கி, வீட்டைவிட்டு வெளியேறி, தெருவோரக் கால்வாய் வழியாக ஊரணிக்குப் போகும்படி எல்லாவற்றுக்கும் வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். வீடுகள் உயரமான மேடைமேல் நிற்பதும், தெருக்கள் நேர்கோடாக ஓடுவதும் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்தவை. வற்றாத ஆறு இல்லாத, செம்மண்ணும் சரளையுமான இந்தப் பூமியில் அத்தனை பேர் குடியிருந்தது ஊரணியை நம்பித்தான். நீங்கள் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரைத் தெருவோரம் திறந்துவிட்டால், அது எங்கே போகும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் தீர்மானித்து வைத்திருக்கிறார். ஆகவே கழிவுநீர் கேனில் சேர வேண்டும். கழிப்பறைப் பெட்டியை விடுதியின் கழிப்பறையிலோ பெரிய பெட்ரோல் பங்கின் கழிப்பறையிலோ கேட்டுக்கொண்டு கொட்ட வேண்டும். ஊரணிப் படிக்கட்டில் பல் துலக்குவதும் துணி அலசுவதும் கூடாது. குடிநீர் ஊரணி என்று தனியாகக் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர்கள் உண்டு; பார்த்தவுடன் நமக்கு வித்தியாசம் தெரியாது.

வெளியே நாற்காலி போட்டு உட்காரலாமா? ஸ்பெயின் விதியையே வைத்துக்கொள்ளுங்கள். கோயில் பொட்டலில் நின்றால் தூங்கலாம், அடுப்பும் துணிக்கொடியும் வேண்டாம். தனியார் வளாகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு எல்லாம் செய்யலாம்.

சுற்றிப் பார்ப்பது

ஊருக்குள் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், நடங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்த ஊர் இது. அரண்மனையும் அதைச் சுற்றிய வீடுகளும் காலை எட்டு மணி வெயிலில் பார்க்க வேண்டியவை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த சுவர் என்று நீங்கள் படித்திருப்பதெல்லாம் இருக்கிறது. எல்லா வீட்டுக்குள்ளும் விட மாட்டார்கள். ஒரு வீடு பல பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்டதாக இருக்கும். காவல்காரர் தம் விருப்பத்துக்குத் திறந்துவிட முடியாது. இரண்டாவது முறை வற்புறுத்தாதீர்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் ஆத்தங்குடியில் உண்டு.

ஆத்தங்குடியில் பூக்கல் செய்யும் பட்டறைகளை அவசியம் பாருங்கள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கையாலேயே ஊற்றி, அச்சைத் தூக்கி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்துக்கு வருகிறது. பார்த்தவுடன் ஒரு அறைக்கு வாங்கிவிடலாம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள்: எட்டங்குலக் கல் ஒன்று ஒன்றரை கிலோவுக்குக் குறையாது, நூறு சதுர அடிக்கு 225 கல், முந்நூற்றைம்பது கிலோவை ஒட்டி வரும். அதை வேனில் ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரமே மாறிவிடும். பணத்தைக் கட்டி லாரி சர்வீஸில் போடச் சொல்லுங்கள்.

பலகாரம் மட்டும் வேனில் ஏற்றத் தக்கது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை மூன்றும் பயணத்துக்கென்றே கண்டுபிடித்தவைபோல் நாள்கணக்கில் கெடாது. கடல் தாண்டிப் போனவர்களின் வீட்டுச் சமையல் இது. கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சூடாக, வாங்கிய இடத்திலேயே சாப்பிட வேண்டியவை.

பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வெளியூர் வேன்கள் நிறைய வருவதால் நிறுத்தம், கழிப்பறை எல்லாம் பழகிய ஏற்பாடு. காலை ஏழு மணிக்குள் பிள்ளையார்பட்டி, ஒன்பதுக்குக் குன்றக்குடி மலை. பதினொன்றுக்குக் காரைக்குடிக்கு வந்துவிடலாம்.

பழனிச் சாலை

குன்றக்குடியிலிருந்து பழனிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நகரத்தார் காவடி தைப்பூசத்துக்கு இந்த வழியில் நடந்து போகிறது, நடந்தே திரும்புகிறது. அவர்களோடும் அவர்களுக்குப் பின்னாலும் பல மாவட்டத்து மக்கள் லட்சக்கணக்கில் நடக்கிறார்கள்.

நம் நாட்டில் வேன் வீட்டுப் பயணம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறதென்றால் அது இதுதான் என்பேன். நடக்கிற குழுவுக்கு முன்னால் ஒரு வேன் போகும். அதில் பாய், தலையணை, அண்டா, அரிசி மூட்டை, கால்வலித் தைலம், நடக்க முடியாமல் போன ஒருவர். முன்பு இதே வேலையை மாட்டுவண்டி செய்தது. அடுத்த தங்கலில் போய் இறங்கி, இடம் பெருக்கி, உலை வைத்துவிடுவார்கள். நடப்பவர்கள் வந்துசேரும்போது சோறு தயார். எந்த ஊரில் எந்தத் தோப்பு, எந்த மண்டபம், எந்தக் கிணறு என்பது அவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். தொடக்கத்திலிருந்து நான் சொல்லிவரும் மாலைத் தங்கல் கணக்கை அந்தச் சாமான் வேன்காரர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்த குடும்பம் பாதயாத்திரை போகிறதென்றால், ஒரு வருஷம் அவர்களுடைய சாமான் வண்டியாகப் போய்வாருங்கள். இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

தனியாகப் போகிறவர்கள், பூசத்துக்கு முந்தைய பத்து நாளில் இந்தச் சாலையை முடிந்தவரை விட்டுவிடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் இடையே மட்டும். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று இரவு இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து நடக்கிறவர்கள் அவர்கள். இருட்டில், மார்கழிப் பனியின் மிச்சத்தில், பச்சை வேட்டி சாலையோரப் புதரோடு கலந்துவிடும். முதுகுப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருப்பவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒரு வீட்டில் இந்தச் சாலை இழவு விழவைக்கிறது. வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது. ஹை பீம் வேண்டாம். எதிரே நடந்து வருபவரின் கண்ணைக் கூசவைத்தால் அவர் தடுமாறி உள்ளேதான் வருவார். ஹாரன் அடித்து ஒதுக்காதீர்கள். காலில் கொப்புளத்தோடு நடப்பவரால் சட்டென்று ஒதுங்க முடியாது. பின்னாலேயே மெதுவாகப் போய், எதிர்ப்பக்கம் காலியானதும் முழுதாக வலப்பக்கம் ஒதுங்கிக் கடந்து செல்லுங்கள். குப்பைப் பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் ஜன்னல் வழியே எறிவதை எந்தச் சாலையிலும் செய்யக் கூடாது. இங்கே அதன்மேல் வெறுங்கால்கள் நடக்கும்.

செலவுக் கணக்கு

சென்னை, கானாடுகாத்தான், சுற்றுவட்டாரம், திரும்புதல் எல்லாம் சேர்த்து ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய வேன் லிட்டருக்கு எட்டு முதல் பத்துக் கிலோமீட்டர் தரும். நூறிலிருந்து நூற்றிருபத்தைந்து லிட்டர் டீசல். வாடகை வேனானால், நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, வண்டி நிற்கும் நாளுக்கும் அதே கணக்கா, பேட்டா நாளுக்கா இரவுக்குமா, டோல் யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தப் பயணத்தில் வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் இரண்டாவது கேள்விதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

கிளம்பும் காலை, நின்ற இடத்தை ஒரு முறை பெருக்கி, எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இடம் காட்டியவரிடம் போய் “போயிட்டு வர்றோம்ணே” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள். தெருவில் கோலம் காய்ந்திருக்காது. ஓட்டுநரிடம் சக்கரத்தைப் பார்த்துத் திருப்பச் சொல்லுங்கள்.